முதல் வண்டியின் இடது கால்

எல்ராய் பெண்டருக்கு இடது முழங்கால் மடங்காது என்பது நியூ காசெல் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலின் பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன ஆகஸ்டில் அந்த முழங்காலில் சீழ் பிடித்தது. டாக்டர்கள் மூட்டை எடுத்துவிட்டு, உள்ளே நீளமாக ஒரு கம்பியை இறக்கி, தொடையையும் கீழ்க்காலையும் ஒரே எலும்பாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். "பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்றார். அவருக்கு எழுபத்தொரு வயது. அதற்கு முன்பு கடைசியாக எப்போது பொய் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை.

நவம்பரில் ஆர்லீன் போனாள். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். காலையில் காபி போட எழுந்தவள் அடுப்படியில் விழுந்தாள், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தின்போது எல்ராய் அழவில்லை. பெண்டர் வீட்டு ஆண்கள் அப்படித்தான், எதையும் வெளியே காட்ட மாட்டார்கள் என்று ஊர் பெருமையாகப் பேசிக்கொண்டது. அவர் மறுக்கவில்லை. வெளியே காட்டாமல் அடக்கிவைக்க உள்ளே எதுவும் கிளம்பவே இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

குளிர்காலம் முழுவதும் பனியைத் தள்ளினார். மாடுகளுக்கு வைக்கோல் போட்டார். ஏப்ரலில் பனி உருகியது. மே முதல் வாரத்தில் கேலன் ஸ்டோட்ஸ் வந்து அடுப்படி மேஜையில் உட்கார்ந்தான். கேலன்தான் ஊர் மோட்டார் சைக்கிள் கிளப்பின் இப்போதைய தலைவர். எல்ராயைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஆனால் வயதைப் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை.

"யோவ் எல்ராய், ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே."

"கோபப்படுற விஷயம்னா சொல்லாதே."

"என் மச்சானோட மூணு சக்கர வண்டி கொட்டகையில சும்மா நிக்குது. சிக்னல்ல கால் ஊன்ற வேலையே இல்லை. சாயவும் சாயாது. நினைவு நாள் ஊர்வலத்துக்கு அதை எடுத்துக்கோயேன்."

"மூணு சக்கர வண்டியை நான் நாலு வயசுல ஓட்டினேன். அப்பவே போதும்னு விட்டுட்டேன்."

"அப்ப எதுல வருவே?"

"என் வண்டியில. முன் வரிசை, இடது பக்கம்."

"கால்தான் மடங்க மாட்டேங்குதே? அதை எங்க வைக்கப் போறே, தோள்மேலயா?"

"முன்னால நீட்டி வைப்பேன்" என்றார் எல்ராய்.

 கேலன் சிரித்துவிட்டான். "நீயா? சாய்வு நாற்காலியில படுத்த மாதிரி ஓட்டுறானுங்கன்னு ஊரையே திட்டினவன் நீதானே?"

 எல்ராய் காபியை ஊற்றினார்.

முன் வரிசையின் இடது பக்கம் பெண்டர் வீட்டு இடம். எல்ராயின் அப்பா காட்லீப், போர் முடிந்து திரும்பிய வருஷம், ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, மே மாதக் கடைசியில் வரும், போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாளன்று பதினான்கு மைல் தள்ளியிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியில் போனார். அன்று தொடங்கியது. இன்றைக்கு நாற்பது வண்டிகள் போகின்றன. முதல் வண்டி எங்கே திரும்புகிறதோ, எங்கே நிற்கிறதோ, பின்னால் வருகிறவர்களும் அங்கேயே. அந்த வருஷம் யார் இறந்தார்களோ அவர்கள் வீட்டார் முன்னால் போக வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். இந்த வருஷம் ஆர்லீன். ஆகவே அந்த இடம் எல்ராய்க்கு இரண்டு மடங்கு உரியது. இரண்டு மடங்கு உரிய இடத்துக்கு மூன்று சக்கரத்தில் போய் நிற்பது என்பது அவர் கணக்கில் போகாமலே இருப்பதைவிடக் கேவலம்.

*

மகள் டிரூடிக்கு நாற்பத்தொரு வயது. டிராக்டர் கம்பெனியில் தலைமை மெக்கானிக். கல்யாணம் செய்து, அதை முடித்துக்கொண்டு, எட்டு வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். சனிக்கிழமை காலை கொட்டகையில் அப்பாவின் வண்டியை மேடை மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, தபாலில் வந்திருந்த பெட்டியைத் திறந்தாள்.

எல்ராயின் வண்டி கறுப்பு, நீளம், கனம். சட்டத்தை வளைத்ததும் பெட்ரோல் தொட்டியைத் தட்டி எடுத்ததும் அவரேதான். கால் வைக்கும் இடங்கள் மட்டும் அவர் அப்பா காலத்து முறைப்படி, இன்ஜினுக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு நேர் கீழே இருந்தன. முழங்கால் மடங்காதவன் அங்கே கால் வைக்க முடியாது. அதனால்தான் ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், பிரேக் மிதி மூன்றையும் முன் சக்கரத்தின் பக்கம் தள்ளிக் கொண்டுபோகிற முன் செட்டை அவர் போன் போட்டு வரவழைத்திருந்தார். மூன்று நீளங்களில் கிடைக்கும்.

டிரூடி ஒரு துண்டை எடுத்து வண்டியின் சட்டத்தோடு ஒட்டிப் பார்த்தாள்.

"அப்பா, எது சொன்னீங்க? இருக்கறதுலயே நீளமானதா?"

"ஆமாம். போன்ல கடைக்காரன் கால் என்ன அளவுன்னு கேட்டான். முப்பத்திநாலு அங்குலம்னு சொன்னேன்."

"அளந்தீங்களா?"

"எதுக்கு அளக்கணும்? எங்க அப்பாவுக்கு முப்பத்திநாலு. எனக்கும் முப்பத்திநாலு. கல்யாணத்துலேர்ந்து அதே அளவு பேண்ட்தான் போடுறேன்."

டிரூடி துண்டைக் கீழே வைத்தாள். "அந்த பேண்ட்டையெல்லாம் அம்மா மடிச்சுத் தைச்சுட்டாங்கப்பா. ரெண்டு தடவை. நீங்க இல்லாதப்பதான் தைப்பாங்க."

கொட்டகையின் தகரக் கூரையில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. எல்ராய் குனிந்து தன் பேண்ட்டின் ஓரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அவள் சொல்வது உண்மைதான் என்று. மனைவி தனக்குத் தெரியாமல் தன் உயரத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறாள். இதைக் கேட்டால் ஒரு மனிதனுக்கு ஏதாவது தோன்ற வேண்டும். அவர் காத்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை.

"மாட்டு" என்றார். "மாட்டிப் பார்க்கலாம்."

அவள் மாட்டினாள். பழைய ஃபுட்ரெஸ்ட்களைக் கழற்றி வேலைப் பலகையில் போட்டாள். சட்டத்தின் முன்பக்கத் துளைகளில் புதிய தாங்கிகளை வைத்து போல்ட் போட்டாள். கியர் பெட்டியிலிருந்து முன்னால் வரை போகிற நீளக் கம்பியைச் சரியான பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறோமா என்று இரண்டு தடவை சோதித்தாள். பக்கம் மாறினால் மேலே தூக்க வேண்டிய கியரைக் கீழே மிதிக்க வேண்டியதாகிவிடும். பிரேக் குழாயை நீளமானதாக மாற்றி, எண்ணெய் ஊற்றி, காற்றுக் குமிழ்களை வெளியேற்றினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு எது வேண்டும் என்று அவள் கேட்கும் முன்பே அவருக்குத் தெரிந்தது. பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்தது.

வண்டி மேடைமேல் நிமிர்ந்து நின்றது. எல்ராய் படிக்கட்டு வைத்து ஏறி உட்கார்ந்தார். இடது கால் நேராக நீண்டு ஃபுட்ரெஸ்ட்டின் மேல் போய் உட்கார்ந்தது, அதற்கென்றே அளந்து செய்ததுபோல. வலது கால், மடங்குகிற நல்ல கால், பிரேக் மிதியைத் தொட்டது. ஆனால் அழுத்தச் சொன்னபோது, அவர் சீட்டில் முன்னால் சறுக்கித்தான் அழுத்த முடிந்தது.

"பாருங்க, எட்டலை" என்றாள் டிரூடி. "நீட்டின காலுக்கு நீள செட். மடங்குற காலுக்குச் சின்ன செட். இடது பக்கம் இது இருக்கட்டும், வலது பக்கத்துக்கு வேற வாங்கிட்டு வரேன்."

"ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னாலயா?"

"மூணு அங்குல வித்தியாசம். யார் ஸ்கேல் வச்சுப் பார்க்கப் போறாங்க?"

"எதிர்ல வர்றவன் பார்ப்பான். கோணல் வண்டியில கோணல் ஆள்னு."

"எதிர்ல வர்றவன் தொப்பியைக் கழட்டிட்டு ஓரமா நிப்பான்ப்பா. அன்னிக்கு நினைவு நாள்."

"ரெண்டும் ஒரே நீளம்தான்."

"சரி" என்றாள் டிரூடி. அவள் தோற்றால் சரி என்பாள். சண்டையைத் தொடங்கப் போகும்போதும் சரி என்பாள். "நாங்க கம்பெனியில செய்யறதை ஒரு தடவை செஞ்சுடுவோம். கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"கண்ணைத் திறந்திருந்தா ஆளுங்க பொய் சொல்வாங்க. கால் தானா எங்க போகுமோ அங்க போகாம, போக வேண்டிய இடத்துக்குப் போகும். கண்ணை மூடிட்டு, கையை ஹேண்டில்பார்ல வச்சு, காலை ரெண்டு தடவை கீழ தொங்கவிட்டு, அப்புறம் சும்மா தூக்கி வைங்க. எங்க விழுதோ அங்க சாக்பீஸ் போடுவேன். அதான் உங்க அளவு."

அவர் கண்ணை மூடினார். கால்களைத் தொங்கவிட்டார். தூக்கி வைத்தார்.

"வச்சாச்சு."

"வலது கால் மிதியிலேர்ந்து ரெண்டு அங்குலம் முன்னாடியே நின்னுடுச்சு. நான் சொன்னேன்ல. இடது கால்?"

"வச்சாச்சுன்னு சொன்னேனே. ஃபுட்ரெஸ்ட் மேலதான் இருக்கு."

 சாக்பீஸ் எங்கும் உரசவில்லை. எல்ராய் கண்ணைத் திறந்தார்.

அவருடைய இடது கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு ஒரு சாண் வெளியே, காற்றில் நேராக நீண்டிருந்தது. வேறு யாருடைய காலோ அங்கே மறந்து வைக்கப்பட்டதுபோல.

*

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் டிரூடி.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மாவுக்கு?"

அவர் தலையை ஆட்டினார். அவளுக்கும் தெரியாது.

டிரூடி திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவில்லை. இன்னொரு தடவை கண்ணை மூடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. பத்துத் தடவை செய்தார்கள். நாலு தடவை கால் சரியாக விழுந்தது.

"பத்துக்கு நாலு" என்றாள்.

"குனிஞ்சு பார்த்துகிட்டே ஓட்டுறேன். கியர் மாத்தற நேரத்துல மட்டும்."

"பின்னாடி நாப்பது வண்டி வரும். முதல் வண்டிக்காரர் கீழ பார்த்தா, அவங்க எதைப் பார்ப்பாங்க? ரோட்டைப் பார்க்காம மீட்டரைப் பார்த்தான்னு லெராய் டிட்ஸைக் கடைசி வரிசைக்கு அனுப்பினது யாரு?"

அனுப்பியது எல்ராய்தான். அதற்குப் பிறகு லெராய் டிட்ஸ் கிளப்புக்கே வரவில்லை.

"கேலன் சொன்ன வண்டி…" என்று அவரே தொடங்கினார். அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டார்.

"அதுலயும் கியர் இடது கால்லதான்ப்பா."

அவள் போய்க் கை கழுவினாள். அவர் படிக்கட்டு வழியாக இறங்கினார். மத்தியானம் நெஃப்லா சூப்பைச் சூடாக்கி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்கு அதிகம், மாவு உருண்டை குறைவு. ஆர்லீன் வைத்தால் அப்படி இருக்காது.  எல்ராய் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மாலை வரை அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையால் தட்டினார். பூட்ஸின் தோலில் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அவர் யோசித்தது காலைப் பற்றி அல்ல. முதல் வண்டியை ஓட்டுகிறவன் தவறு செய்தால் அது அவனோடு போகாது. பள்ளத்தில் அவன் இறங்கினால் பின்னால் வருகிறவனும் இறங்குவான். பெண்டர் பெயரை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள். அப்படி நம்பி வருகிறவர்களைப் பத்துக்கு நாலு என்ற கணக்கில் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பெயருக்கு என்ன மிச்சம்? அந்த இடத்தை விட்டுவிடுவது அவமானம். தகுதியில்லாமல் அதில் உட்கார்வது அதைவிடப் பெரிய அவமானம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. அது அவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. சாயங்காலம் வரை அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார்.

மறுநாள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் கொட்டகைக்குப் போனார். டிரூடி அங்கே இருந்தாள்.

"அந்த செட்டைக் கழட்டு. உன் காலுக்கு எது சரியோ அதை வாங்கி மாட்டு."

"என் காலுக்கா?"

"நீ ஓட்டு. நான் பின்னால உட்கார்றேன்."

டிரூடி கையிலிருந்த துணியை மடித்தாள். "பின் சீட்லயா? நீங்களா?"

"காதுல விழலையா?"

"விழுந்துது. அதான் கேட்கறேன்." அவள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "நான் கடைசி வரிசையில ஓட்டறவ. பொம்பளைங்க முன் வரிசைக்கு வரக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அஞ்சு வருஷம் முன்னாடி கேலன் பொண்டாட்டி ஜனெல் கேட்டப்போ, கிளப் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்க. அது எனக்கும் சேர்த்துத்தானே?"

"உனக்கும் சேர்த்துத்தான்."

"அப்புறம்?"

"நான் போய்ப் பேசறேன்."

"மகளுக்கு மட்டும் சலுகைன்னு பேசினா நான் வரலை."

"பெண்டர் வீட்ல சலுகை கேட்டு யாரும் போனதில்லை" என்றார் எல்ராய்.

*

ஜனெல் ஸ்டோட்ஸ் கேலனின் மனைவி. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் கிளப்காரர்கள். கேலன் கல்லாப் பக்கம் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்ராய் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, கடை நடுவில் நின்றார்.

"கேலன், நான் இந்த வருஷம் ஓட்டலை. இடது பாதத்துல உணர்ச்சி இல்லை. ஒன்பது மாசமா இல்லை. யார்கிட்டயும் சொல்லலை."

கேலன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். அவன் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. "உட்காருய்யா முதல்ல."

"நிக்கறேன்."

"சரி. முன் வரிசையில உன் இடத்தைக் காலியா விட்டுடறோம். யாரும் அங்க வர மாட்டாங்க. மரியாதையா இருக்கும்."

"காலி இடம் செத்தவங்களுக்கு. எங்க வீட்ல இந்த வருஷம் ஒருத்திதான் செத்திருக்கா. என்னையும் சேர்த்துப் புதைச்சுடாதே." எல்ராய் தொப்பியை மறு கைக்கு மாற்றினார். "டிரூடி ஓட்டுவா. நான் பின் சீட்ல வருவேன்."

மூலை மேஜையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கேலன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஜனெல் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"பொம்பளை முன் வரிசையிலயா?"

"ஆமாம்."

"அன்னிக்கு நான் கேட்டப்போ என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா, எல்ராய்?"

"இருக்கு."

"சொல்லுங்க. இங்க இருக்கறவங்க பாதிப் பேர் அன்னிக்கு வரலை."

"ஜனெல், விடு" என்றான் கேலன்.

"நீங்க முட்டையைச் சாப்பிடுங்க."

எல்ராய் நிமிர்ந்து நின்றார். வளைக்க முடியாத காலோடு வேறு மாதிரி நிற்கவும் அவரால் முடியாது. ஒரு வார்த்தையும் மாற்றாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "முன் வரிசை ஒண்ணும் அடுப்படி இல்லை, பாதியில விட்டுட்டு அழுகிற குழந்தையைத் தூக்கப் போறதுக்கு. இப்படித்தான் சொன்னேன்."

"எனக்குக் குழந்தையே இல்லைன்னு தெரிஞ்சும் சொன்னீங்க."

"தெரிஞ்சும் சொன்னேன்." அவளைப் பார்த்துச் சொன்னார்: "அது தப்பு."

 ஜனெல் அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. போக வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

"டிரூடிக்கு மட்டுமா, இல்லை எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். கிளப்புல ஓட்டெடுப்பு வைக்கணும். என் ஓட்டு உண்டு."

"கேலன்?"

"என் ஓட்டு இல்லாம நான் இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பேன்?" என்றான் கேலன். இப்போது கடையே சிரித்தது. "யோவ் எல்ராய், இதை அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எத்தனை நாள் ஆறின முட்டை தின்னேன்னு உனக்குத் தெரியுமா?"

ஜனெல் ஒரு தட்டில் பாலாடைக் கூகன் கேக் துண்டு ஒன்றை வைத்து மேஜையில் தள்ளினாள்.

"வேண்டாம்" என்றார் எல்ராய்.

"சாப்பிடுங்க. இப்படிச் சிலை மாதிரி நின்னா வர்றவங்க காசு போட்டுட்டுப் போவாங்க."

அவர் உட்கார்ந்தார். இடது கால் மேஜைக்கு வெளியே, நடக்கிற வழியில் நீண்டது. அதைத் தாண்டிக்கொண்டு எல்லோரும் போய் வந்தார்கள். கூகன் இனித்தது. அது நாக்குக்குத் தெரிந்தது.

*

கிளப் ஓட்டெடுப்பில் பெண்களும் முன் வரிசைக்கு வரலாம் என்று முடிவாயிற்று. டிரூடியின் கால் இருபத்தொன்பது அங்குலம். கண்ணை மூடி, இரண்டு காலையும் தூக்கி வைத்து, எல்ராயைச் சாக்பீஸ் போடச் சொன்னாள். ஐந்து தடவையும் ஒரே இடத்தில் விழுந்தது. செட்களிலேயே குட்டையானதை வாங்கி வந்தார்கள்.

எல்ராய் பின் சீட்டில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அவருடைய நீட்டிய கால் போய் முடிகிற இடம், டிரூடியின் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில், பழைய ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் வெளியே. அவள் கால் அங்கே இருந்திருந்தால் இரண்டும் மோதிக்கொண்டிருக்கும். முன் செட் இருந்ததால்தான் அவருடைய காலுக்கு அங்கே இடம் கிடைத்தது. டிரூடி இரும்புத் தகட்டை வெட்டி, குதிகால் நழுவாதபடி பின்பக்கம் ஒரு விளிம்பு வைத்து, சின்னப் பலகையாகச் செய்து சட்டத்தில் போல்ட் போட்டாள். காலைக் கட்ட ஒரு தோல் வாரும் வைக்கட்டுமா என்று கேட்டாள். குழந்தையை நாற்காலியில் கட்டுகிற மாதிரி என்னைக் கட்டாதே என்றார். அவள் வாரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

நினைவு நாளன்று காலை எட்டு மணிக்குக் கடைத்தெருவில் நாற்பத்திரண்டு வண்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. காற்று குளிர்ந்திருந்தது. முன் வரிசையின் வலது பக்கம் கேலன் இருந்தான். இரண்டாவது வரிசையில், தன் சொந்த வண்டியில், ஜனெல் இருந்தாள். எல்ராய் அப்பா காலத்துத் தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். பெண்டர் வீட்டு ஆண் எவரும் எந்த வண்டியிலும் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. தெருவே அதைப் பார்த்தது. அவர் முதுகைக் கொஞ்சமும் வளைக்கவில்லை.

டிரூடி தலையைத் திருப்பினாள். "காலு பலகை மேல இருக்கா?"

"தெரியலை" என்றார். "நீ பார்த்துச் சொல்லு."

அவள் குனிந்து பார்த்து, கையால் அவருடைய பூட்ஸைப் பிடித்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வைத்தாள். எல்லோருக்கும் முன்னால்தான். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

ஊர் எல்லை தாண்டியதும் காற்று பலமானது. அவர் கைகளைத் தன் தொடைமேல் வைத்திருந்தார். முதல் வளைவில் மகளின் கோட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கோதுமை அப்போதுதான் முளைத்திருந்தது. ஏழாவது மைலில் ரோட்டின் இடது பக்கம் குளிர்காலம் தின்றுவிட்டுப் போன ஒரு பெரிய பள்ளம் வந்தது. டிரூடியின் இடது கை கிளட்ச்சில் இருந்தது. அவள் கியரைக் குறைத்துக்கொண்டிருந்தாள், பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட முடியாது. எல்ராயின் கை தானாக நீண்டு கீழ்நோக்கிப் பள்ளத்தைக் காட்டியது. ஐம்பது வருஷமாகச் செய்த வேலை. அவரை யாரும் கேட்கவில்லை. பின்னால் வரிசையில் ஒவ்வொரு கையாக இறங்கிக் காட்டிக்கொண்டே போவதை டிரூடி கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

"நிறுத்தாதீங்க" என்று காற்றில் கத்தினாள். "மிச்சத்தையும் நீங்களே காட்டுங்க. நான் ரோட்டைப் பார்த்துக்கறேன்."

அவர் காட்டினார். சரளைக் கல், திருப்பம், எதிரே வந்த டிராக்டர். கடைசியில் கல்லறை வாசலில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நாற்பத்திரண்டு இன்ஜின்களும் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொன்றாக அடங்கின.

இறங்குவதற்கு நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்கு வரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். வரவில்லை. புல்லில் நடந்து ஆர்லீனின் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். அந்த வருஷத்து இறந்தவரின் பெயரைக் குடும்பத்தின் மூத்தவர் சொல்ல வேண்டும். அதற்குமேல் பேச்சு கிடையாது. அவர் சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. கடைசி வண்டிக்காரனுக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

அவர் காத்திருந்தார். புல்லில் ஈரம் இருந்தது என்பது வலது காலுக்குத் தெரிந்தது. கல்லில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பிறகு தேதிகளைப் படித்தார். ஒன்றும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று நினைத்தார். வராவிட்டாலும், அவளை இங்கே பார்க்க வந்துவிட்டார், வர வேண்டிய இடத்தில் உட்கார்ந்து.

திரும்பி வந்தபோது எல்லோரும் வண்டிகளின் மேல் அசையாமல் இருந்தார்கள். முதல் வண்டி கிளம்பாமல் யாரும் கிளம்ப முடியாது. அவர் ஏறி உட்கார்ந்தார்.

"எடு" என்றார்.